துளைகள் சொல்லும் கதை
பழைய ஸ்டீல் கிட்டார் ஒன்றை விலை பேசுவதற்கு முன்

பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து மலையேறும் பாதையில் அடுக்கம் என்று ஓர் ஊர் உண்டு. அதைக் கடந்து மேலே பெருமாள்மலையை எட்டினால் கொடைக்கானல் சாலை. அடுக்கத்து இளைஞர் ஒருவர் கொடைக்கானலில் பழைய பங்களா ஒன்றைக் காலி செய்யும் இடத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பரணிலிருந்து ஒரு கிட்டாரை இறக்குகிறார்கள். மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-இல் முதல் வீடுகளைக் கட்டிய ஊர் அது. 1901-இல் அங்கே அவர்கள் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. ஆகவே அயல்நாட்டுக் கிட்டார் ஒன்று அந்த ஊர்ப் பரணில் கிடந்ததாகக் கற்பனை செய்வதில் தவறில்லை.

அந்தக் கிட்டார் விசித்திரமாக இருக்கிறது. தந்திகள் பலகையிலிருந்து ஏறக்குறைய ஒரு விரல் கனம் உயர்ந்து நிற்கின்றன. கழுத்தின் பக்கவாட்டில் யாரோ துளையிட்டுப் பன்னிரண்டு முறுக்காணிகளைச் செருகியிருக்கிறார்கள். முதன்மைத் தந்திகளுக்கு அடியில் இன்னொரு வரிசையாக மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. முகப்புப் பலகையைச் சதுரமாக வெட்டி ஒரு காந்தச்சுருளையும் பொருத்தியிருக்கிறார்கள். "நல்ல கிட்டாரைக் கெடுத்துவிட்டார்கள், தொடாதே" என்கிறார் உடன் வந்த நண்பர். விலையோ மலிவு. வாங்கலாமா?

இந்தக் கேள்விக்கு இரண்டு வாக்கியங்களில் விடை சொல்ல முடியாது. அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் எங்கே, எதற்காகப் பிறந்தன என்று தெரிந்தால்தான் எது கேடு, எது செல்வம் என்று பிரித்தறிய இயலும்.

ஹவாய்ச் சிறுவனின் இரும்புத் துண்டு

சாதாரணக் கிட்டாரில் விரலால் தந்தியை மெட்டின் மேல் அழுத்துகிறோம். அதிரும் நீளம் படிப்படியாகக் குறைகிறது. சுருதியும் படிப்படியாக ஏறுகிறது. மெட்டை மறந்துவிட்டு, வழவழப்பான ஓர் உலோகத் துண்டைத் தந்தியின் மேல் வைத்து நகர்த்தினால், படிக்கட்டுக்குப் பதிலாகச் சரிவுப்பாதை கிடைத்துவிடுகிறது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே உள்ள எல்லா அதிர்வெண்களும் கைக்கு வருகின்றன.

பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில், ஓவாஹு தீவின் லாயியே என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகூகூ (1874–1932) 1880-களில் சிறுவனாக இருந்தபோது இந்த முறையைக் கண்டுபிடித்துப் பயின்றார் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு. தண்டவாளத்தின் அருகே கிடந்த இரும்பு ஆணி ஒன்று தந்தியில் பட்டதுதான் தொடக்கம் என்று ஒரு கதை உண்டு. இந்தியாவில் பிறந்து, கப்பலில் ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்ட கேப்ரியல் டேவியன் என்பவரே அவருக்கு முன் இப்படி வாசித்தார் என்று இன்னொரு கதையும் சொல்லப்படுகிறது. இரண்டாவது கதை உண்மையாக இருந்தால் நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமைக்காக ஒன்றை உண்மையாக்க முடியாது.

வாசித்தவர் எவராயினும், முதல் வேலையாகக் கிட்டாரை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. தந்திகள் தாழ்ந்திருந்தால் இரும்பு மெட்டுகளில் உரசிக் கடகடக்கும். எனவே தலைப்பக்கத்தில் தந்திகள் அமரும் சிறு மேடையை உயர்த்தினார்கள். குடல் நரம்பை நீக்கி எஃகுக் கம்பி கட்டினார்கள். கிட்டாரை மடியில் மல்லாத்தி வைத்தார்கள். ஆக, ஸ்டீல் கிட்டார் என்பது பிறக்கும்போதே 'மாற்றப்பட்ட' கருவி. மாற்றப்படாத ஸ்டீல் கிட்டார் தொடக்கத்தில் இல்லவே இல்லை. நண்பர் 'கெடுத்துவிட்டார்கள்' என்றாரே, அதற்கு முதல் மறுப்பு இதுதான்.

கெகூகூ 1904-இல் ஹவாயை விட்டு அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்றார். 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சிக்குப் பிறகு அந்நாட்டில் ஹவாய் இசைப் பித்து பரவியது. அதன்பின் கிட்டார்ப் பட்டறைகளே உயர்ந்த தந்தியுடைய கருவிகளைச் செய்யத் தொடங்கின.

திருவிடைமருதூரில் ஒரு கட்டை

ஹவாயின் கதையைக் கேட்டவுடன் தமிழ் வாசகர்களுக்குக் கோட்டுவாத்தியம் நினைவுக்கு வந்திருக்கும். வீணையைப் போன்ற உருவம்; ஆனால் மெட்டுகள் கிடையா. வலக்கை விரல்கள் தந்தியை மீட்ட, இடக்கையில் பிடித்த வழவழப்பான கட்டை தந்திகளின் மேல் ஓடும். வழுக்கி வாசிக்கும் இந்த முறை நம் நாட்டில் மிகப் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் 'சங்கீத ரத்னாகரம்' விவரிக்கும் ஒற்றைத்தந்தி வீணையையும் இப்படியே வாசித்தார்கள். வடநாட்டில் விசித்திர வீணை இதே குடும்பம்.

கோட்டுவாத்தியத்தைத் தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். செம்மங்குடி சீனிவாச ஐயரின் ஆசிரியர்களில் அவர் ஒருவர் என்றால், அந்தக் கருவியிலிருந்து பாட்டு எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும் என்பது விளங்கும். பின்னர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் நாராயண ஐயங்காரும் அதைப் புகழுக்குக் கொண்டுவந்தனர். இன்று சித்திரவீணை என்றும் அழைக்கப்படும் இந்தக் கருவியில் சுமார் இருபத்தொரு தந்திகள் உண்டு. வாசிப்பதற்கானவை ஆறு, சுருதிக்கும் தாளத்துக்கும் மூன்று, எஞ்சியவை அடியில் ஓடும் ஒத்ததிர்வுத் தந்திகள். கருங்காலிக் கட்டையால் வாசித்த காலம் போய், கண்ணாடியும் கொம்பும் வந்து, இன்று டெஃப்லான் உருளையும் வந்துவிட்டது. தலைமுறைக்கு ஒரு மாற்றம்! இவற்றில் எதையும் 'கேடு' என்று எவரும் சொல்வதில்லை.

ஏன் கனமான கட்டை வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிட்டாரின் 65 செ.மீ. நீளமும் 0.3 மி.மீ. விட்டமும் உள்ள எஃகுத் தந்தியின் நிறை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதன்மேல் வைக்கும் எஃகுக் கட்டை 200 கிராம் என்றால், தந்தியைப் போல் ஐந்நூறு மடங்குக்கு மேல் கனம். தந்தியில் ஓடிவரும் அலை இந்தச் சுவரில் மோதித் திரும்புகிறது, சுவர் அசைவதில்லை. இலேசான கட்டையாக இருந்தால் அதுவும் சேர்ந்து ஆடும். அலையின் ஆற்றலைத் தின்றுவிடும். ஒலி சீக்கிரம் சாகும். விரலால் வழுக்கினால் ஒலி மங்குவதற்கும் இதுவே காரணம்: சதை அதிர்வை விழுங்கிவிடுகிறது.

அலுமினியக் கூம்பும் லாடக் காந்தமும்

மடிக்கிட்டாரின் குறை அதன் சன்னமான குரல். ஒலிபெருக்கி எளிதில் கிடைக்காத நாட்களில் பெரிய அரங்கில் கடைசி வரிசைக்கு எட்டாது. இதைத் தீர்க்க ஜான் டோப்யேரா என்ற கைவினைஞரும் ஜார்ஜ் பீச்சம் என்ற வாசிப்பாளரும் முனைந்தார்கள். 1927-இல் நேஷனல் நிறுவனத்தின் பெயரில் மூன்று அலுமினியக் கூம்புகள் பொருத்திய உலோகக் கிட்டார் விற்பனைக்கு வந்தது. தந்தியின் அதிர்வு குதிரை வழியே கூம்புகளுக்குப் போய், ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைப் போல அவை காற்றைத் தள்ளின. அடுத்த ஆண்டு டோப்யேரா சகோதரர்கள் பிரிந்துபோய் ஒற்றைக் கூம்புக் கருவியைச் செய்து 'டோப்ரோ' என்று பெயரிட்டனர்.

பீச்சம் அத்துடன் நிற்கவில்லை. லாடக் காந்தத்தின் நடுவே தந்திகளை ஓடவிட்டு, அருகில் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளை வைத்தார். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831-இல் கண்ட விதி, நூறாண்டு கழித்துக் கிட்டாரில் நுழைந்தது! 1932-இல் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து அவர் சந்தைக்குக் கொண்டுவந்த 'வறுசட்டி' என்ற செல்லப்பெயருடைய கருவிதான் வணிகத்தில் வெற்றிகண்ட முதல் மின்கிட்டார். அது ஒரு மடி ஸ்டீல் கிட்டார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இன்றைய மின்கிட்டார்கள் எல்லாம் அதன் வழிவந்தவையே.

வறுசட்டிக்கு ஒரு நோய் இருந்தது. உடல் முழுவதும் வார்ப்பு அலுமினியம். மேடை விளக்கின் வெப்பத்தில் உடல் விரிந்து சுருதி மாறிவிடும். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலை இறங்கும்போது தேவைப்படும்.

அமெரிக்காவில் இதன் பிறகு மிதிகட்டை பூட்டி, வாசிக்கும்போதே தந்தியின் இழுவிசையை மாற்றும் ஸ்டீல் கிட்டார் வளர்ந்தது. ஒவ்வொரு வாசிப்பாளரும் தமக்கு வேண்டியபடி நெம்புகோல்களை அமைத்துக்கொண்டார்கள். அது தனிக் கதை.

கல்கத்தா வழியாக

ஹவாய் இசைக்குழுக்கள் உலகம் சுற்றின. அவர்களில் டௌ மோ (1908–2004) தம் குடும்பத்தாருடன் 1940-களில் சில ஆண்டுகள் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்பித்தார். வங்காளத்தில் ஹவாயன் கிட்டார் வீட்டுக்கு வீடு நுழைந்தது இந்தக் காலத்தை ஒட்டித்தான். சுனில் கங்குலி அதில் வாசித்த திரைப்பாடல் இசைத்தட்டுகளை நம்மவர்களும் கேட்டிருப்பார்கள். பம்பாய்த் திரையுலகில் வான் ஷிப்லி தாமே வடிவமைத்த எட்டுத்தந்தி மின்கிட்டாரை வாசித்தார்.

ஆனால் இராகத்தை முழுமையாக ஆள ஆறு தந்தி போதவில்லை. பிரிஜ் பூஷண் காப்ரா (1937–2018) கிட்டாரில் சுருதித் தந்திகளைச் சேர்த்துக்கொண்டு இந்துஸ்தானி இசைக்கு வழி திறந்தார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் சேர்ந்து வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டு 1967-இல் வெளிவந்தது. ஜெய்ப்பூரின் விஸ்வமோகன் பட் அடுத்த அடியை எடுத்துவைத்தார். மூன்று வாசிப்புத் தந்திகள், ஐந்து சுருதித் தந்திகள், பன்னிரண்டு ஒத்ததிர்வுத் தந்திகள் என்று கிட்டாரையே மாற்றிக் கட்டி 'மோகன வீணை' என்று பெயரிட்டார். அந்த மாற்றப்பட்ட கிட்டாருடன் அமெரிக்கரான ரை கூடருடன் இணைந்து செய்த இசைத்தட்டுக்கு 1994-இல் கிராமி விருது கிடைத்தது. கல்கத்தாவின் தேபாசிஷ் பட்டாச்சார்யா இன்னும் ஒரு படி போய்த் தமக்கென்று பல கருவிகளை வடிவமைத்தார்.

இப்போது நம் கொடைக்கானல் கிட்டாரைப் பாருங்கள். பக்கவாட்டில் பன்னிரண்டு முறுக்காணிகள்! யாரோ ஒருவர் இந்த வழியில் நடந்திருக்கிறார். மேலைநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் இதைக் கண்டால் தொழிற்சாலையில் செய்த நிலை போய்விட்டது என்று விலையைக் குறைப்பார். அவர் கணக்கு அவருக்கு. ஆனால் அயல்நாட்டுக் கருவி ஒன்று நம் இசைக்கு ஏற்ப எப்படி மாறியது என்பதற்கு அந்தத் துளைகளே ஆவணம். அவற்றை அடைத்து, மெருகு பூசி, 'பழைய நிலைக்கு' மீட்பதாகச் சொல்லும் தச்சரிடம் அதைக் கொடுப்பது கல்வெட்டைத் தேய்த்து வழவழப்பாக்குவதற்கு ஒப்பாகும் என்பது என் கருத்து.

நிற்க. வரலாற்று மதிப்பு வேறு, வாசிக்கத் தகுதி வேறு. இரண்டாவதைச் சோதிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

பலகை தாங்குமா?

முதல் கவலை இழுவிசை. மேற்சொன்ன 0.3 மி.மீ. தந்தியை 330 அதிர்வெண்ணுக்கு முறுக்க ஏறக்குறைய 10 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பான இழுவிசை வேண்டும். ஆறு தந்திகளுக்கு 60 முதல் 75 கிலோகிராம் எடை என்று கொள்ளலாம். கிட்டாரின் பலகையும் அதன் அடியில் ஒட்டிய மரச்சட்டங்களும் இதற்காகச் செய்யப்பட்டவை. அடியில் மெல்லியதாக இன்னும் பன்னிரண்டு தந்திகளைக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் 7 கிலோ என்று குறைத்து வைத்தாலும் 84 கிலோ கூடுகிறது. சுமை இருமடங்குக்கு மேல்! குதிரை தந்திகளின் அடிமுனையைத் தானே பிடித்திருக்கும் கிட்டாராக இருந்தால், அதன் உயரத்தை இருமடங்காக்கினால் அது பலகையைப் புரட்ட முயலும் விசைத்திருப்பமும் இருமடங்காகும்.

எனவே ஓர் அளவுகோலை நிமிர்த்தி முகப்பின் மேல் வைத்துப் பாருங்கள். குதிரைக்குப் பின்னால் பலகை வீங்கி, முன்னால் குழிந்திருந்தால் உள்ளே சட்டம் விட்டுப்போயிருக்கலாம். விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். எங்கேனும் சலசலப்புக் கேட்டால் ஒட்டு விட்டிருக்கிறது என்று பொருள். வேலை தெரிந்தவர் இருமடங்குச் சுமையைக் கட்டும் முன் உள்ளே கூடுதல் சட்டம் ஒட்டியிருப்பார். சிறு கண்ணாடியும் டார்ச் விளக்கும் கொண்டு ஒலித்துளை வழியே பார்த்தால் தெரிந்துவிடும். இது இல்லையென்றால் மாற்றியவர் ஆர்வலர், கைவினைஞர் அல்லர்.

அடுத்தது, குதிரையை நகர்த்தியிருக்கிறார்களா என்பது. தலைப்பக்க மேடையிலிருந்து பன்னிரண்டாம் மெட்டுக்குள்ள தூரமும் அங்கிருந்து குதிரைக்குள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்; நீளம் பாதியானால் அதிர்வெண் இருமடங்காகி மேல் ஸட்ஜம் கிடைக்கும். தூரங்கள் நன்றாக வேறுபட்டால் மெட்டுக் கோடுகள் பொய் சொல்லும். கட்டையை வைத்து வாசிப்பவருக்கு அவை வெறும் அடையாளங்கள்தாம் என்றாலும் தொடக்கநிலை மாணவர் திணறுவார். காதை மட்டும் நம்பும் கோட்டுவாத்தியக்காரருக்கு இந்தத் தொல்லையே இல்லை!

குதிரையின் உச்சியையும் கவனியுங்கள். கத்தி முனை போல் கூர்மையாக இருந்தால் கிட்டாரின் பழைய குதிரை. சற்றே வளைந்த பட்டையான மேற்பரப்பாக இருந்தால் மாற்றியவர் வீணை, தம்புரா ஆகியவற்றின் நாதத்தைத் தேடியிருக்கிறார். சர் சி. வி. இராமன் கல்கத்தாவில் இருந்தபோது 1921-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தந்தியை மீட்டும் இடத்தில் எந்த மேற்சுரத்தின் கணு அமைகிறதோ அந்த மேற்சுரம் ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. தம்புரா, வீணை ஆகியவற்றின் பட்டைக் குதிரையில் அந்த மேற்சுரங்களும் வலுவாக ஒலிப்பதை அவர் காட்டினார். அதிரும் தந்தி குதிரையின் வளைவை விட்டும் தொட்டும் விளையாடுவதே காரணம். இத்தகைய குதிரையைத் தேய்த்துச் சீராக்குவது நுட்பமான வேலை. கைதேர்ந்த வீணைத் தச்சரிடம் விட்டுவிடுவது நல்லது.

காந்தச்சுருள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓம்மீட்டரின் இரு முனைகளையும் அதன் கம்பிகளில் வைத்தால் வழக்கமாகச் சில ஆயிரம் ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் முடியினும் மெல்லிய செம்புக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. மறுபடி சுற்ற முடியும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாறுதடையின் முதுகைக் கட்டாயம் பாருங்கள். அமெரிக்கத் தயாரிப்பாக இருந்தால் பெரும்பாலும் அதில் எண்கள் பொறித்திருப்பார்கள். செய்த நிறுவனமும் ஆண்டும் வாரமும் அந்த எண்களில் ஒளிந்திருக்கும். அந்த மின்பாகம் அதற்கு முன் பூட்டப்பட்டிருக்க முடியாது என்பது உறுதி. விற்பவர் சொல்லும் காலத்தோடு ஒத்துப்பார்க்க இது நல்ல சான்று.

வெள்ளையாக ஏதேனும் பதித்திருந்தால் எச்சரிக்கை வேண்டும். யானைத் தந்தமோ மான்கொம்போ என்றால், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் குறுக்கே வரும். எலும்பா, பிளாஸ்டிக்கா, தந்தமா என்று தெளியும் வரை பணத்தை எண்ண வேண்டாம்.

மலை இறங்கும் கருவி

இவ்வளவும் பார்த்து, பலகை நேராக இருந்து, உள்ளே கூடுதல் சட்டமும் ஒட்டியிருந்தால் வாங்கலாம் என்பேன். துளைகளுக்காக விலையைக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை. துளைகளுக்காக விட்டுவிட வேண்டியதில்லை. உயர்த்திய தலைப்பக்க மேடை பெரும்பாலும் கழற்றக்கூடிய தொப்பிதான். பன்னிரண்டு அடித்தந்திகளையும் ஒரே நாளில் முறுக்கிச் சோதிக்க வேண்டாம்; முதலில் ஸட்ஜம், பஞ்சமம் இரண்டை மட்டும் கட்டி, மேலே பஞ்சமம் வாசிக்கும்போது தொடாத பஞ்சமத் தந்தி தானே பாடுகிறதா என்று கேட்டால் போதும்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெரியகுளம்வரை இறங்கினால் வெப்பம் பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் அளவு கூடலாம். எஃகுத் தந்தி நீளும். மர உடல் வெப்பத்தால் அவ்வளவு நீளாது. இழுவிசை சுமார் இரண்டு விழுக்காடு தளர்ந்து, அதிர்வெண் ஒரு விழுக்காடு இறங்கும். ஓர் அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு! நல்ல காதுக்கு உடனே தெரியும். அலுமினிய உடலாக இருந்தால் கதை தலைகீழ்: உடலும் தந்தியும் ஒரே அளவு சூடேறினால், அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவதால் தந்தி இறுகிச் சுருதி ஏறும். வறுசட்டியின் நோய் இதுதான்.

சுருதியைத் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம். மரம் உலர்ந்து வெடித்தால் திரும்பக் கூட்ட முடியாது. மலை மூட்டத்தில் ஆண்டுக்கணக்காக ஈரத்தை உறிஞ்சியிருக்கும் மெல்லிய பலகை, கீழே வறண்ட காற்றில் நார்க்குறுக்கே சுருங்கும். அதனால் அடுக்கத்து இளைஞர் அந்தக் கிட்டாரைப் பேருந்தில் ஏற்றுவதற்கு முன் எல்லாத் தந்திகளையும் இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தட்டும். பழைய போர்வையில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறக்கும் ஆசை எழும். இரண்டு நாள் பொறுத்துத் திறந்தால் போதும். அதுவரை அடுப்படிக்கும் வெயில் சன்னலுக்கும் தள்ளி, உள்ளறைச் சுவரோரம் இருக்கட்டும்.